கடையில் ஒரே நிறம், வெயிலில் வேறு நிறம்

கேள்வி: காப்பிப்பொடி நிறப் பட்டுப்புடவையைக் கையோடு கொண்டுபோய், பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் ரவிக்கைத் துணி எடுத்தேன். கடையில் அச்சு அசலாக ஒத்துப்போனது. முகூர்த்தத்தன்று மண்டப வாசலில் பார்த்தால் ரவிக்கை சிவப்படிக்கிறது. என் கண்ணில் கோளாறா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: கோளாறு எதுவும் இல்லையம்மா. திருப்பூரில் 31 வருடம் சாயப்பட்டறை லேபில் ஷேடு பார்த்தவன் நான். எனக்கே இது நடந்திருக்கிறது.

நிறம் பார்க்க நம் கண்ணில் இருப்பவை மூன்று வகைக் கூம்பு செல்கள்தான். துணியிலிருந்து எத்தனை அலைநீளங்கள் கலந்து வந்தாலும், கண் அதை மூன்றே அளவாகச் சுருக்கிவிடும். அந்த மூன்றும் ஒத்துவிட்டால், சாயம் வேறானாலும் நமக்கு ஒரே நிறம்தான். விளக்கு மாறும்போது ஒவ்வொரு சாயத்திலிருந்தும் வரும் ஒளி வெவ்வேறு விதமாக மாறுகிறது. அப்போதுதான் வித்தியாசம் வெளியே வரும். இதற்கு மெட்டமெரிசம் என்று பெயர். பழுப்பு, சாம்பல் இரண்டிலும் இந்தத் தொல்லை அதிகம். மூன்று சாயம் கலந்து எடுக்கும் நிறங்கள் அவை. ஒரே ஷேடைப் பல கலவைகளில் கொண்டுவந்துவிடலாம்.

ஒருமுறை சாம்பல் நிற பனியன் துணியையும் அதன் காலருக்கான ரிப் பின்னல் துணியையும் டியூப்லைட்டில் மட்டும் பார்த்துவிட்டு ஓகே சொன்னேன். வாங்க வந்தவர் ஜன்னல் பக்கம் கொண்டுபோனார். உடம்பு ஒரு நிறம், காலர் ஒரு நிறம். 400 கிலோ மறுசாயத்துக்குப் போனது. அன்று முதல், விளக்கை மாற்றி மாற்றி நிறம் பார்க்கும் பெட்டியான லைட் பாக்ஸில் பகல் வெளிச்சத்துக்கான டி65, கடை விளக்குக்கான டிஎல்84, மஞ்சள் பல்பு என்று மூன்றிலும் பார்க்காமல் நான் கையெழுத்துப் போட்டதில்லை.

புடவையைக் கொண்டுபோனீர்களே, அது ரொம்பச் சரி. நிறத்தை மனதில் வைத்துக்கொண்டு போனால் கட்டாயம் தவறும். பக்கத்தில் வைத்துப் பார்த்தாலும் கண்ணுக்கு ஓர் எல்லை உண்டு. 1942ல் மெக்காடம் என்ற அமெரிக்கர் ஒரே ஆளைச் சுமார் 25,000 முறை நிறம் பொருத்த வைத்து அளந்தார். அதே ஆள், அதே நிறம்; ஆனாலும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தள்ளித்தான் நிறுத்தினார்.

வயதும் ஒரு காரணம். கண்ணின் லென்ஸ் மஞ்சளாக ஆக, நீலம் மங்கும். 55க்கு மேல் நேவி புளூவையும் கறுப்பையும் பிரிக்க எனக்குத் தடுமாற்றம் வந்தது. அந்த ஷேடுகளை லேபில் இருந்த சின்னப் பெண்ணிடம் கொடுத்துவிட்டேன்.

அடுத்த முறை துணியையும் புடவையையும் கடை வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். நல்ல கடைக்காரர் மறுக்க மாட்டார். இந்த ரவிக்கையை ஒதுக்க வேண்டாம். கடையில் இருந்த மாதிரி விளக்குள்ள மண்டபத்தில், மாலை வரவேற்புக்கு அதே புடவையோடு போடுங்கள். அங்கே ஒத்துப்போகும்.