குப்பம்மாள் நிலா ஆக எந்த வழி?

கேள்வி: எனக்கு வயது 26. காசிமேடு. எனக்கு முன்னால் பிறந்த இரண்டு குழந்தைகள் தங்காததால், அம்மனுக்கு நேர்ந்துகொண்டு ஆயாவின் பெயரான குப்பம்மாள் என்பதையே எனக்கும் வைத்துவிட்டார்கள். பள்ளியில் அட்டெண்டன்ஸ் எடுக்கும்போதெல்லாம் அழுதிருக்கிறேன். நிலா என்று மாற்றிக்கொள்ள வேண்டும். ‘பாரிமுனையில் 20 ரூபாய் பத்திரத்தில் எழுதி நோட்டரி கையெழுத்து வாங்கினால் போதும்’ என்கிறார் ஒருவர். இ-சேவை மையத்தில் கெசட் என்கிறார்கள். மாமா கோர்ட்டில் கேஸ் போடச் சொல்கிறார். அப்பாவுக்குச் சம்மதமில்லை. தை மாதம் கல்யாணம். மாப்பிள்ளைக்கு துபாயில் வேலை; நான் இனிமேல்தான் பாஸ்போர்ட் எடுக்க வேண்டும். என்ன செய்யலாம்?

பதில்: சகோதரி, முதலில் அப்பா விஷயம். 18 வயது நிறைந்த ஒருவர் தன் பெயரை மாற்றிக்கொள்ள அப்பாவோ, வரப்போகிற கணவரோ கையெழுத்துப் போட வேண்டியதில்லை. ஒருவரின் பெயர், அரசியல் சட்டத்தின் 19(1)(அ) பிரிவு தரும் பேச்சு, கருத்துச் சுதந்திர உரிமையில் அடங்கும் என்று 2021-ல் சி.பி.எஸ்.இ. சான்றிதழ்கள் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. நீங்கள் சிறு வயதில் பட்ட வேதனையை எந்த அலுவலகத்திலும் விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம். காரணம் கேட்டால் ‘சொந்த விருப்பம்’ என்று எழுதுங்கள்.

உங்களுக்குச் சரியான வழி கெசட்தான்; அதாவது, பெயர் மாற்றத்தை அரசிதழில் வெளியிடுவது. நோட்டரி பத்திரம் என்பது ‘நான் இனி இந்தப் பெயரில் இருப்பேன்’ என்று நீங்களே சத்தியம் செய்து எழுதிக்கொடுப்பது. அதைப் பார்ப்பவர் ஏற்கலாம், ஏற்காமலும் போகலாம். குப்பம்மாள் முழுவதுமாக நிலா ஆகும்போது அந்தப் பத்திரத்தை மட்டும் வைத்து ஆதாரில் பெயரை மாற்ற முடியாது. அதற்காகப் பாரிமுனையில் ஆயிரக்கணக்கில் கொடுத்துவிட்டு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை.

கோர்ட்டுக்குப் போகிற நிலைமை வேறு. பதிவேட்டில் இருப்பதை ஒரு அலுவலகம் திருத்த மறுத்து, உரிமையை நிலைநாட்ட வேண்டியிருந்தால், தனிக்குறிப்பீட்டுத் தீர்வுச் சட்டம் (Specific Relief Act) 1963-ன் 34-வது பிரிவின்படி உரிமையியல் நீதிமன்றத்தில் விளம்புகை, அதாவது ‘இவருக்கு இந்த உரிமை உண்டு’ என்ற அறிவிப்பு, கேட்டு வழக்குப் போடலாம். உங்களுக்கு யாரும் எதையும் மறுக்கவில்லையே! பிறப்புச் சான்றிதழுக்காக ராயபுரம் மண்டல அலுவலகத்துக்கும் அலைய வேண்டாம். பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் 1969-ன் 15-வது பிரிவு, தப்பாக ஏறியதைத் திருத்துவதற்கு. உங்கள் பெயர் தப்பாக ஏறவில்லை, பிடிக்கவில்லை, இரண்டும் வேறு.

கெசட் அச்சாவது நம் தங்கசாலை அரசு அச்சகத்தில்தான். ஆனால் விண்ணப்பத்தைக் கொடுக்க வேண்டியது அண்ணா சாலையில் உள்ள எழுதுபொருள், அச்சுத்துறை இயக்ககத்தில். படிவம் அந்தத் துறையின் இணையதளத்திலேயே கிடைக்கும். பிறப்புச் சான்றிதழ், பள்ளிச் சான்றிதழ், முகவரிச் சான்று ஆகியவற்றின் நகல்களைத் தயாராக வையுங்கள். யாரிடம் சான்றொப்பம் வாங்க வேண்டும், கட்டணம் எவ்வளவு என்பதெல்லாம் படிவத்திலேயே இருக்கும்; அதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள், இடைத்தரகர் சொல்லும் தொகையை நம்ப வேண்டாம்.

படிவம் நிரப்பும்போதுதான் மிகுந்த கவனம் வேண்டும். கெசட்டில் வருவது ஒரே வாக்கியம்: இன்னார் மகள் குப்பம்மாள், பிறந்த தேதி, சொந்த மாவட்டம், வீட்டு முகவரி, இனிமேல் நிலா என்று அழைக்கப்படுவேன். அந்தப் பட்டியலின் தலைப்பிலேயே, இதனால் வரும் சட்ட விளைவுகளுக்கு விளம்பரம் கொடுத்தவரே பொறுப்பு என்றும் அச்சிட்டிருப்பார்கள். ஆகவே பழைய பெயரைப் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து அப்படியே எழுதுங்கள். புதுப் பெயரின் ஆங்கில எழுத்துகளையும் இப்போதே முடிவு செய்யுங்கள். இதில் ஒரு ‘ஏ’, அதில் இரண்டு ‘ஏ’ என்று வரக் கூடாது. நம் ஊரில் பலரும் கோட்டை விடுவது இனிஷியலில். பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து அப்பா பெயரை முழுதாகப் போடுவார்கள். கெசட்டிலும் அப்படியே விரித்துப் போட்டுவிட்டால், பிறகு யாரும் ‘இரண்டும் ஒரே ஆளா’ என்று கேட்க மாட்டார்கள். கல்யாணத்துக்குப் பிறகு கணவர் பெயரை இனிஷியலாக்கச் சட்டம் எதுவும் கட்டாயப்படுத்தவில்லை. மனசிருந்தால் திருமணச் சான்றிதழை வைத்து அப்போது மாற்றிக்கொள்ளலாம்.

கெசட் வந்ததும் முதலில் ஆதார். ஆதாரில் வாழ்நாளில் இரண்டு முறைதான் பெயரை மாற்ற முடியும். அதில் ஒன்றை எழுத்துப்பிழைக்காகச் செலவழித்துவிடாதீர்கள். அடுத்து பான், வங்கிக் கணக்கு, அதன்பின் பாஸ்போர்ட். முதல் பாஸ்போர்ட்டே புதுப் பெயரில் எடுக்கப்போவது உங்களுக்கு நல்லதாயிற்று. பாஸ்போர்ட்டுக்குக் கேட்கும் இணைப்பு ஆவணங்கள் அவ்வப்போது மாறும் என்பதால், விண்ணப்பிக்கும் அன்று அவர்கள் இணையதளத்தைப் பாருங்கள்.

பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ்களில் குப்பம்மாள் அப்படியேதான் இருக்கும். வேலைக்குப் போகும்போது அவற்றோடு கெசட் நகலையும் சேர்த்துக் காட்ட வேண்டியிருக்கும். இது உங்களுக்கு வருத்தம் தரும் என்று தெரியும். அதனால் கெசட் பிரதிகள் சிலவற்றைப் பத்திரப்படுத்துங்கள். பழைய பெயரில் வாங்கிய கடனோ குழுக் கடனோ இருந்தால் அதுவும் உங்கள் கணக்கில் தொடரும். அங்கேயும் ஒரு நகல் கொடுத்துவிடுங்கள்.

கல்யாணத்துக்குள் கெசட் வராவிட்டாலும் பதற வேண்டாம். தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம் 2009-ன்படி பதிவு செய்ய 90 நாள் அவகாசம் உண்டு. தாமதக் கட்டணம் கட்டினால் இன்னும் 60 நாள். தாலி கட்டிய மறுநாளே சார்பதிவாளர் அலுவலகத்துக்கு ஓடிப் பழைய பெயரில் பதிந்துவிட்டால், விசாவுக்கு அந்தச் சான்றிதழைக் காட்டும்போது பெயர் இடிக்கும். கெசட்டும் ஆதாரும் கைக்கு வரும்வரை பொறுத்து, அந்த நாட்களுக்குள் நிலா என்றே பதிவு செய்யுங்கள்.