வயிறு ஆறிய பிறகு வீங்கும் மூட்டு

கேள்வி: மூன்று வாரத்துக்கு முன் ரத்தம் கலந்த பேதி வந்து சரியாகிவிட்டது. இப்போது வலது முழங்கால் வீங்கியிருக்கிறது. இடது குதிகாலை ஊன்ற முடியவில்லை. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா?

பதில்: பெரும்பாலும் உண்டு. சால்மொனெல்லா, ஷிகெல்லா, கேம்பைலோபாக்டர், யெர்சினியா போன்ற பாக்டீரியாக்கள் குடலைத் தாக்கிய 1 முதல் 4 வாரங்களுக்குள் சிலருக்கு இப்படி மூட்டு வீங்கும். 'ரியாக்டிவ் ஆர்த்ரைட்டிஸ்' என்பார்கள். மூட்டு நீரை எடுத்துக் கல்ச்சர் செய்தால் கிருமி வளராது. கிருமியை விரட்டக் கிளம்பிய நோய் எதிர்ப்பாற்றல்தான் மூட்டில் போய் மல்லுக்கட்டுகிறது. முழங்கால், கணுக்கால்தான் அதிகம் மாட்டும். இரு பக்கமும் ஒரே மாதிரி இருக்காது. உங்கள் குதிகால் வலி நல்ல துப்பு. தசைநார் எலும்போடு சேரும் இடம் அழற்சியாவது இந்த நோயின் குணம். மூட்டு வலிக்கு வருபவர்கள் பழைய பேதியைத் தாமாகச் சொல்வதே இல்லை. நான்தான் துருவிக் கேட்க வேண்டியிருக்கிறது. நீங்களாவது உங்கள் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: கிருமியால் வந்ததுதானே? இன்னொரு கோர்ஸ் ஆன்டிபயாட்டிக் போட்டால் போகாதா?

பதில்: போகாது. குடல் தொற்றைத் தொடர்ந்து வந்த மூட்டு வீக்கத்துக்கு அதனால் பலன் இல்லை. நாப்ராக்சென் போன்ற வீக்கம் குறைக்கும் மாத்திரைதான் முதல் மருந்து. வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் அதைத் தாமாக வாங்கி விழுங்கக் கூடாது. அடங்காவிட்டால் மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி; மாதக்கணக்கில் இழுத்தால் சல்ஃபாசலசின் என்ற மாத்திரை.

கேள்வி: ஹெச்எல்ஏ-பி27 பாசிட்டிவ் என்கிறார்கள். ஆயுசுக்கும் இதுதானா?

பதில்: அது பிறவியிலேயே உள்ள மரபணுக் கூறு. அது இருந்தும் மூட்டு நோயே வராதவர்கள்தான் அதிகம். உங்களைப் போல நோய் வந்தவர்களுக்குக் கொஞ்சம் கடுமையாகவும் நீண்டும் போகலாம், அவ்வளவுதான். பெரும்பாலோருக்கு ஓராண்டுக்குள் அடங்கிவிடும். சிலருக்கு மட்டும் நாள்பட்ட மூட்டு நோயாக நிலைக்கிறது.

கேள்வி: மூட்டோடு கண்ணும் சிவந்திருக்கிறது. சொட்டு மருந்து போதுமா?

பதில்: வெறும் சிவப்பும் உறுத்தலும் என்றால் பயமில்லை, ஆனாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். வலி, வெளிச்சத்தில் கூச்சம், பார்வை மங்கல் என்றால் அன்றைக்கே கண் மருத்துவரிடம் போங்கள்.

கேள்வி: பேதி நின்று பத்து நாள். நேற்றிலிருந்து குளிர்காய்ச்சல், ஒரு முழங்கால் மட்டும் தொட முடியாதபடி கொதிக்கிறது. இதுவும் அதுதானா?

பதில்: அப்படி நினைத்து வீட்டில் இருக்க வேண்டாம். மூட்டுக்குள் சீழ் பிடித்தாலும் இப்படித்தான் இருக்கும். சில நாட்களில் குருத்தெலும்பை அரித்துவிடும். ஊசியால் நீர் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். என் பதில் வரும்வரை காத்திருக்காமல், இந்நேரம் மருத்துவமனைக்குப் போயிருப்பீர்கள் என்று நம்புகிறேன்.