உருக்கம் இருக்கிறது, நம்பிக்கை வரவில்லை

கேள்வி: ஒக்கிப் புயலை வைத்து மீனவர் பாதுகாப்பு பற்றிப் போட்டிக்கு 600 சொற்களில் ஒரு கட்டுரை எழுதினேன். ‘உருக்கமாக இருக்கிறது, ஆனால் நம்ப வைக்கவில்லை’ என்றார் ஆசிரியை. ஈதோஸ் (நம்பகம்), பாதோஸ் (உணர்ச்சி), லோகோஸ் (நியாயம்) மூன்றுக்கும் ஆளுக்கொரு பத்தி கொடுத்தால் சரியாகிவிடுமா?
– கல்லூரி மாணவி, தக்கலை

பதில்: ஆகாது. கி.மு. 4-ஆம் நூற்றாண்டில் அரிஸ்டாட்டில் இவற்றைக் கேட்பவரை இணங்கவைக்கும் மூன்று வழிகளாகச் சொன்னார். ஒரே வாக்கியத்தில் மூன்றும் இருக்கலாம்.

லோகோஸ், அதாவது நியாயம், முதலில் வரட்டும். உங்கள் கோரிக்கையை ஒரே வரியில் எழுதுங்கள்: ‘ஆழ்கடல் போகும் எல்லா விசைப்படகுக்கும் செயற்கைக்கோள் வழித் தகவல் கருவி வேண்டும்.’ அதன் கீழே ‘ஏனென்றால்’ என்று போட்டுக் காரணத்தை எழுதுங்கள். 2017 நவம்பர் 30-இல் புயல் அடித்தபோது, நாட்கணக்கில் கடலில் தங்கும் படகுகள் பல முன்பே வெகுதூரம் போயிருந்தன. கரையிலிருந்து பேசும் சாதாரண வயர்லெஸ் அவ்வளவு தூரம் எட்டாது. இதில் சொல்லாமல் விட்ட ஒரு படி உண்டு: செய்தி எட்டினால் தப்பலாம் என்பது. வாசகரே நிரப்பிக்கொள்ளும்படி இப்படிப் படி விட்டு அமைக்கும் வாதம்தான் என்தைமீம். வாசகர் அந்தப் படியை ஏற்காவிட்டால் வாதமே சரியும். ‘தெரிந்தாலும் அத்தனை தூரத்திலிருந்து எப்படித் திரும்புவார்கள்?’ என்று நடுவர் நினைப்பார். எனவே அதை வெளிப்படையாக எழுதி, கரை சேர முடியாதவர் புயலின் பாதையைவிட்டாவது விலகலாம் என்று பதிலும் சொல்லுங்கள். உங்கள் கட்டுரை தடுமாறியது பெரும்பாலும் இங்கேதான்.

பாதோஸுக்குக் ‘கண்ணீர்க் கடல்’ போன்ற சொற்கள் உதவாது. தகாதவருக்கு வந்த துன்பம், நமக்கும் வரக்கூடியது என்று தோன்றும்போதுதான் இரக்கம் பிறக்கிறது என்கிறார் அரிஸ்டாட்டில். தொல்காப்பியமும் அழுகைக்கு இளிவு (பிறர் இகழ்வது), இழவு (இழப்பு), அசைவு (பழைய நிலை கெட்டு வருந்துவது), வறுமை என்று காரணங்களைத்தான் அடுக்குகிறது. ஆகவே காரணத்தைக் காட்டுங்கள். படகில் ஏற்றிய அரிசியையும் ஐஸையும் கணக்கிட்டு, திரும்பும் நாளை எண்ணிக்கொண்டிருக்கும் தூத்தூர் மீனவர் வீடு ஒன்று போதும். 80 சொற்களைத் தாண்ட வேண்டாம். காரணம் சொன்ன பிறகு வையுங்கள். முதலிலேயே வைத்தால் வாசகர் இரங்குவார், எதற்கு இணங்குவது என்று அவருக்குத் தெரியாது.

ஈதோஸ் என்பது எழுதுபவர் மேல் வரும் நம்பிக்கை. அது உங்கள் பெயரிலிருந்து அல்ல, எழுத்திலிருந்தே பிறக்க வேண்டும் என்பது அரிஸ்டாட்டில் வைத்த நிபந்தனை. விவரம் தெரிந்தவர், நேர்மையானவர், நம் நலம் நாடுபவர் என்ற மூன்றும் வரிகளில் தெரிய வேண்டும். கட்டுமரம், வள்ளம், விசைப்படகு மூன்றையும் வெறுமனே ‘படகு’ என்று குழப்பினால் முதலாவது போய்விடும். ‘அரசு எதுவுமே செய்யவில்லை’ என்று எழுதினால் இரண்டாவதும் போகும்: செய்த ஒன்றே ஒன்று நடுவருக்கு நினைவு வந்தாலும், மீதி வரிகளையும் சந்தேகத்தோடுதான் படிப்பார்.