வசனம் எழுதாமல், ஒத்திகை பார்க்காமல் வேதாகமக் கதைகளை வாலிபர் கூட்டத்தில் நடிக்க வைப்பது எப்படி?

முதலில் ஒன்று: இயேசுவாக யார் நடிப்பது என்று கேட்காதீர்கள். இயேசுவாக நிற்கும் பையன் தப்பாக ஏதும் சொல்லிவிடக் கூடாதே என்று பயந்து, மனப்பாடமாகத் தெரிந்ததையே ஒப்பிப்பான். மற்றவர்கள் அவன் முகத்தைப் பார்த்துச் சிரிப்பார்கள். சென்னையில், காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு சபையில் ஒன்பது ஆண்டுகளாக வாலிபர் கூட்டம் நடத்துகிறேன். எங்களிடம் ஆண்டவருடைய வார்த்தைகளை ஒருவர் வேதாகமத்தைப் பார்த்து வாசிப்பார், அவ்வளவுதான். வேதம் பேசுகிற இடத்தில் வேதமே பேசட்டும். அது யாரைப் பேசவிடாமல் கடந்து போகிறதோ, அவர்களுக்காகப் பிள்ளைகள் பேசட்டும்.

மாற்கு முதல் அதிகாரம் 20ஆம் வசனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கலிலேயாவில் மீன்பிடித்த சகோதரர்கள் யாக்கோபும் யோவானும் 'தங்கள் தகப்பனாகிய செபெதேயுவைக் கூலியாட்களோடு படவிலே விட்டு' இயேசுவின் பின்னே போகிறார்கள். செபெதேயு என்ன சொன்னார்? ஒரு சொல்கூட எழுதப்படவில்லை. எங்கள் பக்கத்து இராயபுரம் என்ற பெயரே, அதே கலிலேயாவில் மீன்பிடித்த பேதுருவாகிய இராயப்பரிடமிருந்து வந்தது. இந்தப் பகுதியில் வளரும் பிள்ளைகளுக்குக் கலிலேயா தூரத்து ஊர் அல்ல.

நாங்கள் செபெதேயுவின் காட்சியை நடித்தது ஒரு மே மாதம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், துறைமுகம் எங்கும் வலை தைப்பார்கள். சபை மண்டபத்தில் இரண்டு பெஞ்சுகளை எதிரெதிரே போட்டோம், அதுதான் படவு. பிளஸ் டூ முடித்த ஒரு பையன் தானாகவே போய் நடுவில் உட்கார்ந்து, "நான் செபெதேயு" என்றான். அவனுடைய அப்பாவும் கடலுக்குப் போகிறவர்.

"செபெதேயு, உங்கள் கையில் என்ன இருக்கிறது?" என்று கேட்டேன்.

வெறும் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தான். "வலை ஊசி" என்றான். விரல்கள் தாமாகவே முடிச்சுப் போட ஆரம்பித்தன.

யோவானாக நின்றவன், "கூலியாட்கள் இருக்கிறார்களே அப்பா" என்றான்.

"கூலியாட்கள் இருப்பார்கள். நாளைக்கே வேறு படகில் நல்ல கூலி கிடைத்தால் போய்விடுவார்கள். நீ எங்கே போகிறாய் என்றாவது சொல்லிவிட்டுப் போ."

யோவானுக்குப் பதில் வரவில்லை. ஏறக்குறைய ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. எனக்கு உள்ளுக்குள் தவிப்பு. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. நடத்துகிறவர் கெடுப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். மௌனத்துக்குப் பயந்து ஒரு பிரசங்கத்தை ஆரம்பித்துவிடுகிறோம். பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். "இவர்களுடைய அம்மா எங்கே? பின்னால் மத்தேயு 20இல் இவர்களுக்காக இயேசுவிடம் கேட்க வருகிறாளே, அவளுக்கு இதை யார் போய்ச் சொன்னது?" இத்தனை ஆண்டுகள் அந்த அதிகாரத்தை வாசித்தும் எனக்குத் தோன்றாத கேள்வி. அன்றைக்கு மீதி நேரம் முழுவதும் அவளையும் செபெதேயுவையும் பேசவிட்டோம்.

கேள்விகளைப் பாத்திரத்திடமே கேளுங்கள், பிள்ளையிடம் அல்ல. கையில் என்ன, கண்ணுக்கு எதிரே யார், வெயிலா நிழலா என்று தொடங்குங்கள். "இதிலிருந்து என்ன கற்றுக்கொண்டாய்?" என்று கேட்டால் அந்தக் கணமே பாத்திரம் போய்விடும், ஞாயிறு பள்ளிப் பிள்ளை வந்துவிடும். எழுதப்பட்டதற்கு மாறாகக் கதை போனால் மட்டும், "வேத வசனத்தை ஒரு தரம் வாசிப்போமா?" என்று நிறுத்துவேன். மற்றபடி திருத்துவதில்லை. செபெதேயு கோபப்பட்டால் கோபப்படட்டும்.

நான் செய்த ஒரு பெரிய தவற்றையும் சொல்ல வேண்டும். தொடக்கத்தில் யோவான் 8ஆம் அதிகாரத்தை எடுத்தேன். விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணின் கதை. ஒரு பெண்ணைக் கைகாட்டி நடுவில் நிறுத்தினேன். சுற்றி நின்ற பையன்கள் எழுதிக் கொடுத்த வசனம் இல்லாத உரிமையில், தெருவில் கேட்ட சொற்களையெல்லாம் எடுத்துவிட்டார்கள். நான் தடுப்பதற்குள் அவள் அழுதுவிட்டாள். இரண்டு மாதம் கூட்டத்துக்கு வரவில்லை. அவள் வீட்டுக்குப் போய் அவளிடமும் அவள் அம்மாவிடமும் மன்னிப்புக் கேட்டேன். அன்றிலிருந்து யாரையும் நான் கைகாட்டுவதில்லை. ஒருவரை எல்லாரும் கூடி அவமானப்படுத்தும் காட்சிகளை வாசிப்போம், பேசுவோம், நடிப்பதில்லை.

கடைசிப் பத்து நிமிடத்தை எக்காரணத்தைக் கொண்டும் விடாதீர்கள். பாத்திரத்தின் பாரத்தோடு பிள்ளையை வீட்டுக்கு அனுப்பக் கூடாது. கையில் இருந்ததைக் கீழே வைத்துவிட்டு, தன் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் ஒவ்வொருவரும் இடத்துக்குப் போக வேண்டும். அன்று செபெதேயு எல்லாருக்கும் கடைசியாக எழுந்தான். இல்லாத அந்த ஊசியைப் பெஞ்சின் ஓரத்தில், யார் காலிலும் குத்தாதபடி உள்ளே தள்ளி வைத்தான். பிறகு தன் பெயரைச் சொன்னான்.