த்ரில்லர், பேய்ப் படம், ஆக்‌ஷன் படம்: உங்களுக்குப் பிடித்தவை எவை, ஏமாற்றியவை எவை, ஏன்?

இரவு வீடு அடங்கிய பிறகு ஹெட்போனை மாட்டிக்கொண்டு படம் பார்க்கிற ஆள் நான். சினிமாவை முறையாகப் படித்ததில்லை. ஆனால் இந்த மூன்று வகைப் படங்களையும் வருடக்கணக்காகப் பார்த்ததில் எனக்கென்று ஒரு அளவுகோல் வந்துவிட்டது. ஆபத்தில் இருக்கிறவர் எங்கே நிற்கிறார் என்று எனக்குத் தெரிய வேண்டும். கதவு எந்தப் பக்கம், படிக்கட்டு எங்கே, துரத்துகிறவன் எவ்வளவு தூரத்தில் வருகிறான். இது பிடிபட்டுவிட்டால் நானும் அந்த வீட்டுக்குள் போய்விடுவேன். பிடிபடவில்லை என்றால் எத்தனை பேர் செத்தாலும் மனசு ஒட்டாது. மூன்றும் வேறு வேறு வகை என்கிறார்கள். எனக்கு மூன்றுமே இடத்தை வைத்து ஆடுகிற ஒரே ஆட்டம்தான்.

முடிவுகளைப் போட்டு உடைக்க மாட்டேன். கடைசியில் சொல்லும் கொரியப் படம் ஒன்று மட்டும் விதிவிலக்கு. அந்த இடம் வரும்போது எச்சரிக்கிறேன்.

இதை எனக்குப் புரியவைத்தது ‘டை ஹார்ட்’ (1988). ஒரு கட்டடம், ஒரு இரவு, உள்ளே மாட்டிக்கொண்ட ஒரு போலீஸ்காரர். நக்கடோமி பிளாசா என்று படத்தில் வருவது லாஸ் ஏஞ்சலிஸில் இருக்கும் ஃபாக்ஸ் பிளாசா. படத்தை எடுத்த ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் நிறுவனத்தின் சொந்தக் கட்டடம். அப்போது அதில் வேலை முழுதாக முடிந்திருக்கவில்லை. அந்த அரைகுறைத் தளங்களையே படத்துக்குப் பயன்படுத்திக்கொண்டார்கள். விருந்து எந்தத் தளத்தில் நடக்கிறது, எந்தத் தளம் காலியாகக் கிடக்கிறது, லிஃப்ட் குழி எங்கே கொண்டுபோய் விடும் என்பதெல்லாம் துப்பாக்கி வெடிக்கும் முன்பே நமக்குத் தெரிந்துவிடுகிறது. கட்டுமானத் தளத்தில் ஒரு சுவரில் பெண்ணின் படம் ஒன்று ஒட்டியிருக்கும். ப்ரூஸ் வில்லிஸ் ஓடும்போது ஒரு முறை அதைக் கடப்பார். பிறகு இன்னொரு முறை. இரண்டாவது தடவை பார்த்ததும், ‘ஓ, இங்கே வந்துவிட்டாரா’ என்று நமக்கே வழி தெரிந்துவிடும். வசனமே தேவையில்லை. அந்தச் சின்ன யோசனைக்காகவே டைரக்டர் ஜான் மெக்டியர்னன் மேல் எனக்குப் பெரிய மரியாதை.

அதே படத்தில் விமானத்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர் சொன்ன பேச்சைக் கேட்டு நாயகன் ஷூவைக் கழற்றுவார். அந்த நேரத்தில்தான் துப்பாக்கிக்காரர்கள் வருகிறார்கள். அப்புறம் படம் முழுக்க வெறுங்கால். கண்ணாடி உடைகிறபோது என் பாதமும் சுருண்டுகொள்கிறது. பத்துத் தடவைக்கு மேல் பார்த்துவிட்டேன், இன்னும் சுருள்கிறது.

‘எ கொயட் பிளேஸ்’ (2018) படத்தில் இதையே ஒரு ஆணியை வைத்துச் செய்தார்கள். சத்தம் கேட்டால் கொன்றுவிடும் ஜந்துக்கள் திரியும் உலகம். அம்மா துணி மூட்டையை இழுத்துக்கொண்டு படியேறும்போது ஒரு ஆணி நிமிர்ந்துவிடுகிறது. அவர் கவனிக்கவில்லை, நாம் கவனித்துவிட்டோம். அதன் பிறகு யார் அந்தப் படியில் கால் வைத்தாலும் நமக்கு மூச்சு நின்றுவிடுகிறது. ஜந்துவின் உருவம் எனக்கு இப்போது பாதிதான் நினைவிருக்கிறது. ஆணி எத்தனையாவது படி என்பதுகூட நினைவிருக்கிற மாதிரி இருக்கிறது.

‘டோன்ட் ப்ரீத்’ (2016) படத்திலும் திருட வந்தவர்கள் வீட்டுக்குள் நுழைந்ததும் கேமரா வெட்டாமல் அறை அறையாகப் போகும். சுவரில் மாட்டிய சுத்தியல், கட்டிலுக்கு அடியில் துப்பாக்கி என எல்லாவற்றையும் காட்டிவிட்டு அமைதியாகிவிடும். பின்பாதிக் கதை எனக்கு அருவருப்பாக இருந்தது. மறுபடி பார்க்க மாட்டேன். ஆனால் அந்த வீட்டை இன்றைக்கும் கண்ணை மூடிக்கொண்டு சுற்றி வந்துவிடுவேன்.

பேய்ப் படங்களில் என் பெரிய வருத்தம், திடீரென்று காதைப் பிளக்கும் சத்தம். ஹெட்போனில் பார்க்கிறவர்களுக்கு அது தண்டனை. உடம்பு தூக்கிப்போடுவது வேறு, பயம் வேறு. இந்த உத்தி நேற்று வந்ததும் இல்லை. 1942-இல் வந்த ‘கேட் பீப்பிள்’ படத்தில் ஒரு பெண் இரவில் தனியாக நடந்து போவாள். தெருவிளக்கு வெளிச்சம் ஒரு திட்டு, இருட்டு ஒரு திட்டு, மறுபடி வெளிச்சம். பின்னால் இன்னொரு காலடிச் சத்தம். திடீரென்று அந்தக் காலடி நின்றுவிடும். அவள் வேகம் கூட்டுவாள், திரும்பிப் பார்ப்பாள், பிறகு உஸ்ஸென்று ஒரு சத்தம். பார்த்தால் பேருந்து வந்து நிற்கிறது. அவ்வளவுதான். எண்பது வருடத்துக்கு மேலாகியும் அந்தக் காட்சி வேலை செய்கிறது. காரணம் அந்த விளக்குகள். அடுத்த வெளிச்சத்துக்கு இன்னும் எத்தனை அடி என்று நாமும் அவளோடு எண்ணிக்கொண்டிருக்கிறோம். இப்போது வரும் பல படங்கள் அந்த உஸ்ஸை மட்டும் எடுத்துக்கொண்டு விளக்குகளை விட்டுவிட்டன.

‘பாராநார்மல் ஆக்டிவிட்டி’யை டைரக்டர் ஓரன் பெலி சுமார் 15,000 டாலரில் தன் சொந்த வீட்டிலேயே எடுத்தார். பலருக்கு அது சலிப்பான படம். எனக்கு அப்படி இல்லை. முக்காலியில் நிற்கும் கேமரா; கட்டில், பக்கத்தில் திறந்த கதவு, அதற்கப்பால் இருட்டு. ஒவ்வொரு இரவும் அதே ஃபிரேம். நாலாவது இரவில் அந்த அறை நம் அறை ஆகிவிடுகிறது. கதவு ஒரு சாண் அசைந்தால் போதும், மயிர்க்கூச்செறிகிறது.

‘யாவரும் நலம்’ (2009) அந்த வகையில் நம் மொழியில் வந்த நல்ல பேய்ப் படம். விக்ரம் குமார் இயக்கியது, மாதவன் நடித்தது. பதிமூன்றாம் மாடியில் புது வீடு. டி.வி.யில் ஓடும் சீரியலில் நடப்பதெல்லாம் இந்தக் குடும்பத்திலும் நடக்கிறது. கதையின் பெரிய யோசனை அந்த சீரியல்தான், ஆனால் என்னைப் பிடித்து உட்காரவைத்தது லிஃப்ட். மாதவன் தனியாக ஏறினால் அது நகராது. மற்றவர்கள் ஏறினால் போகும். தினமும் ஏறி இறங்குகிற ஒரு சாதாரண இடம் ஒரே ஒரு ஆளை மட்டும் ஒதுக்குகிறது. ரத்தமும் இல்லை, உருவமும் இல்லை. அதற்குப் பிறகு நான் ஏறிய லிஃப்ட் அரை நொடி தாமதித்தாலும் அந்தக் காட்சி வந்து போகும்.

இடம் தெரிய வேண்டும் என்கிறேனே, அப்படியானால் ‘தி ஷைனிங்’ (1980) எப்படிப் பிடிக்கிறது என்று என் தங்கை ஒருமுறை கேட்டாள். நியாயமான கேள்வி. அந்த ஹோட்டலின் அமைப்பே பொருந்தாது. மேனேஜர் அறையில் வெளிச்சம் வருகிற ஒரு ஜன்னல் இருக்கும். கட்டடத்தின் நடுவில் இருக்கிற அறைக்கு அப்படி ஒரு ஜன்னல் இருக்கவே முடியாது. ஆனால் ஸ்டான்லி குப்ரிக் அங்கே எதையும் அவசரமாகக் காட்டுவதில்லை. சிறுவன் மூன்று சக்கர சைக்கிளில் சுற்றுகிறான். கேமரா தரையோடு தரையாகப் பின்னால் போகிறது. மரத் தரையில் சக்கரம் கடகடக்கிறது, கம்பளத்தில் ஏறினால் சத்தம் அடங்குகிறது. இந்த இடம் எனக்குத் தெரியும் என்று முதலில் நம்ப வைத்துவிட்டுத்தான் காலுக்கடியில் தரையை உருவுகிறார்கள். ‘தி பிளேர் விட்ச் பிராஜக்ட்’டிலும் (1999) அப்படித்தான். காட்டுக்குள் போன மூவரில் ஒருவன் வரைபடத்தை ஓடைக்குள் எட்டி உதைத்துவிட்டேன் என்று சொல்லும் நொடியில்தான் எனக்கு உண்மையான பயம் தொடங்கியது. சூனியக்காரியை ஒரு முறைகூடக் காட்டவில்லை, தேவையும் படவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கடலில் கதவும் இல்லை, சுவரும் இல்லை. ‘ஜாஸ்’ (1975) படத்தில் ஸ்பீல்பெர்க் பயன்படுத்திய இயந்திரச் சுறா உப்புத் தண்ணீரில் அடிக்கடி பழுதானதால் அதை அதிகம் காட்ட முடியாமல் போனது எல்லோருக்கும் தெரிந்த கதை. அதற்குப் பதில் சுறாவோடு கட்டிய மஞ்சள் பீப்பாய்கள் தண்ணீரின் மேல் ஓடும். பீப்பாய் எங்கேயோ சுறா அங்கே. ‘ஏலியன்’ (1979) படத்திலோ விண்கப்பலின் காற்றுக்குழாய்க்குள் கேப்டன் ஊர்ந்து போகிறபோது, மற்றவர்கள் திரையில் இரண்டு புள்ளிகளைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒரு புள்ளி அவர். இன்னொரு புள்ளி அவரை நோக்கி வருகிறது. வெறும் புள்ளிகள்! எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது.

ஆக்‌ஷன் படங்களில்தான் என்னை அதிகம் ஏமாற்றியிருக்கிறார்கள். ‘டேக்கன் 3’ படத்தில் லியம் நீசன் ஒரு வேலியைத் தாண்டுவார். அந்த ஒரு தாண்டலுக்குச் சில நொடிகளில் பத்துக்கும் மேற்பட்ட வெட்டுகள், அதாவது ஒரு ஷாட்டிலிருந்து இன்னொன்றுக்குத் தாவல்கள். தாண்டினாரா, வேலிதான் அவரைத் தாண்டியதா என்று புரிவதற்குள் காட்சி முடிந்துவிடும். முதல் ‘டேக்கன்’ எனக்குப் பிடித்த படம் என்பதால் இன்னும் வருத்தம்.

வெட்டு அதிகம் என்பது மட்டும் குற்றம் ஆகாது. ‘மேட் மேக்ஸ்: ஃப்யூரி ரோடு’ (2015) படத்திலும் இரண்டாயிரத்துக்கு மேல் வெட்டுகள். நமீபியப் பாலைவனத்தில் நூற்றுக்கணக்கான மணி நேரம் எடுத்துத் தள்ளிய காட்சிகளை மார்கரெட் சிக்ஸல் இரண்டு மணி நேரமாக்கினார். எடிட்டிங்குக்கான ஆஸ்கரும் வாங்கினார். ஆனால் டைரக்டர் ஜார்ஜ் மில்லரும் ஒளிப்பதிவாளர் ஜான் சீலும் முக்கியமானதை எப்போதும் ஃபிரேமின் நடுவிலேயே வைத்தார்கள். கண் அலைய வேண்டியதே இல்லை. எந்த வண்டி முன்னால், யார் பக்கவாட்டில் என்று ஒரு நொடிகூடக் குழப்பம் வரவில்லை.

ஜாக்கி சானின் ‘போலீஸ் ஸ்டோரி’ (1985) பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றும் இல்லை, பார்க்கத்தான் வேண்டும். வணிக வளாகத்தின் மேல்தளத்திலிருந்து விளக்குகள் சுற்றிய கம்பத்தைப் பிடித்துக்கொண்டு அவர் சறுக்கி இறங்குவதை மூன்று கோணத்தில் காட்டுவார்கள். கை உண்மையிலேயே வெந்துபோனது. ‘தி ரெய்டு’ (2011) படமும் அப்படியே. ஒரு கட்டடத்துக்குள் மாட்டிய போலீஸ்காரர்கள் கோடரியால் தரையை வெட்டிக் கீழ்த்தளத்துக்கு இறங்குவார்கள்.

தமிழில் என் மனசுக்கு நெருக்கமானது ‘கைதி’ (2019). லோகேஷ் கனகராஜ் பாட்டே இல்லாமல் ஒரே இரவில் கதையை முடித்தார். மயங்கிக் கிடக்கும் போலீஸ்காரர்களை ஏற்றிக்கொண்டு கார்த்தி ஓட்டுகிற லாரி ஒரு பக்கம். இன்னொரு பக்கம், கமிஷனர் அலுவலகத்தை ஒற்றை ஆளாகக் காக்கும் நெப்போலியன் என்ற கான்ஸ்டபிள். ஜார்ஜ் மரியான் நடித்தது. எல்லோரும் லாரியைப் பற்றிப் பேசுகிறார்கள். நான் அந்த அலுவலகத்துக்காகத்தான் மறுபடி மறுபடி பார்க்கிறேன். வெளியே கூட்டம் கூட்டமாக ஆட்கள், உள்ளே அவரும் சில கல்லூரிப் பிள்ளைகளும். எந்தக் கதவை அடைப்பது, எது உடைந்தது, இனி எது மிச்சம் என்று அவர்களோடு சேர்ந்து நாமும் கணக்குப் போடுகிறோம். பெரிய உடம்போ பஞ்ச் வசனமோ இல்லாத ஒரு மனிதர் அந்த வாசலில் நிற்கிறார். எனக்குக் கண் கலங்கியது.

‘ராட்சசன்’ (2018) முதல் பாதி தமிழில் வந்த மிக நல்ல த்ரில்லர்களில் ஒன்று என்பேன். கொலைகாரனின் பின்கதையை விளக்கத் தொடங்கியதும் எனக்குப் பயம் வடிந்துவிட்டது. அவன் ஏன் இப்படி ஆனான் என்பதைவிட இப்போது எங்கே இருக்கிறான் என்பதுதான் எனக்கு வேண்டியிருந்தது. ‘பாபநாசம்’, அதன் மூலமான ‘த்ரிஷ்யம்’ இரண்டையும் பார்க்காதவர்கள் இருந்தால் பாருங்கள். கடைசியில் எல்லாக் கேள்வியும் ஒரு இடத்தில் வந்துதான் நிற்கிறது.

இனி அந்தக் கொரியப் படம். பார்க்காதவர்கள் இத்தோடு நிறுத்திவிட்டு, பார்த்த பிறகு வாருங்கள்.

போங் ஜூன்-ஹோவின் ‘மெமரீஸ் ஆஃப் மர்டர்’ (2003). 1986 முதல் 1991 வரை தென்கொரியாவின் ஹ்வாசோங் பகுதியில் நடந்த உண்மையான தொடர்கொலைகளை வைத்து எடுத்தது. நெல்வயல் ஓரத்தில் மூடிபோட்ட ஒரு சின்ன வடிகாலில் முதல் உடல் கிடக்கிறது. துப்பறிபவர் குனிந்து உள்ளே பார்க்கிறார். பல வருடம் கழித்து, போலீஸ் வேலையை விட்ட பிறகு, அதே வழியாகப் போகும்போது வண்டியை நிறுத்தி அதே வடிகாலுக்குள் குனிந்து பார்க்கிறார். உள்ளே ஒன்றும் இல்லை. அங்கே வந்த ஒரு சிறுமி, சில நாளுக்கு முன் இன்னொருவரும் இப்படித்தான் பார்த்தார் என்கிறாள். ஆள் எப்படி இருந்தார் என்று இவர் கேட்கிறார். சாதாரணமாக இருந்தார் என்கிறாள். அவர் நிமிர்ந்து நேராகக் கேமராவைப் பார்க்கிறார். கொலைகாரன் இந்தப் படத்தைப் பார்க்க வரக்கூடும் என்று நினைத்தே அந்தப் பார்வையை வைத்ததாக போங் ஜூன்-ஹோ சொல்லியிருக்கிறார்.

படம் வந்து பதினாறு வருடம் கழித்து, 2019-இல், டி.என்.ஏ. சோதனையில் ஆள் அடையாளம் தெரிந்தது. மனைவியின் தங்கையைக் கொன்ற வழக்கில் 1994-லேயே கைதாகி, அப்போதிருந்து உள்ளே இருக்கிறான். அந்தத் தொடரில் ஒரு கொலைக்காக வேறொரு அப்பாவி ஏறத்தாழ இருபது வருடம் சிறையில் இருந்து, 2020-இல்தான் நிரபராதி என்று தீர்ப்பு வந்தது. படத்தில் சந்தேகப்பட்டவர்களை அடித்து வாக்குமூலம் வாங்கும் காட்சிகளை முதல் தடவை பார்த்தபோது சில இடத்தில் சிரித்திருந்தேன். இந்தச் செய்திகளைப் படித்த பிறகு மறுபடி பார்த்தேன், சிரிப்பு வரவில்லை. கடைசிக் காட்சி வந்தது. அந்தத் துப்பறிபவர் தேடுகிறவன் தியேட்டரில் இருக்கவே முடியாது, படம் வெளியானபோதே கம்பிக்குப் பின்னால் இருந்தான் என்பது இப்போது எனக்குத் தெரியும். தெரிந்தும் அவர் என்னைப் பார்த்தபோது நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.