பேல் ஏலில் புல் மணம், பொங்கி வழியும் போத்தல்: ஹொப்ஸை எப்போது போடுவது?

திருகோணமலை உப்புவெளியிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார். வீட்டில் 20 லீட்டர் பேல் ஏல் என்ற வகைப் பியர் காய்ச்சி, நொதித்தல் முடிந்ததும் கஸ்கேட் வகை ஹொப்ஸ் (பியருக்குக் கசப்பும் மணமும் தரும் கொடிப் பூ) 100 கிராம் போட்டு, பத்து நாள் அப்படியே விட்டாராம். தோடம்பழத் தோல் மணம் வருமென்று பார்த்தால் அறுத்த புல்லின் மணம்தான் வந்திருக்கிறது. போதாக்குறைக்கு, மூடியைத் திறந்தால் பாதி பியர் நுரையாகவே போய்விடுகிறது. ஹொப்ஸ் அளவு கூடிவிட்டதா?

முதலில் மிச்சப் போத்தல்களைக் கவனியுங்கள். அவை வெடிக்கக்கூடும். தடித்த துவாயால் சுற்றி, முகத்துக்கு நேரே பிடிக்காமல் எடுத்து, இன்றைக்கே பிரிட்ஜில் வையுங்கள். இன்னொன்றையும் சொல்லவேண்டும்: இலங்கையின் மதுவரிச் சட்டப்படி அனுமதிப்பத்திரம் இல்லாமல் மது தயாரிக்க முடியாது. அந்த ஏற்பாடு இருக்கிறதென்று வைத்துக்கொண்டே மேலே எழுதுகிறேன்.

அளவில் பிழையில்லை. லீட்டருக்கு 5 கிராம் என்பது பேல் ஏலுக்கு வழக்கமானதுதான். பத்து நாளும் திருகோணமலை வெக்கையும் சேர்ந்ததுதான் சிக்கல். கொதிக்கும்போது போடும் ஹொப்ஸ் கசப்பைத் தரும், அதன் மணம் ஆவியோடு போய்விடும். ஆறியபின் போடுவது மணத்துக்காக மட்டுமே. அந்த மண எண்ணெய்களில் பெரும்பகுதி ஓரிரு நாளிலேயே பியரில் இறங்கிவிடும். அதற்குப் பிறகு இறங்குவது இலைச் சாறும் துவர்ப்பும்தான். தேயிலையை அரை மணி நேரம் ஊறவிட்டால் சாயம் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். 30 பாகையில் இது இன்னும் வேகமாக நடக்கும். இரண்டு, மிஞ்சினால் மூன்று நாள் போதும்.

பொங்குவதற்குக் காரணம் வேறு. ஹொப்ஸில் இயல்பாகவே நொதியங்கள் இருக்கின்றன. ஈஸ்ட்டால் சாப்பிட முடியாமல் மிஞ்சிய டெக்ஸ்ட்ரின் என்ற பெரிய மாச்சத்துத் துண்டுகளை அவை சிறு சர்க்கரைகளாக உடைத்துக் கொடுத்துவிடும். முடிந்துபோனதென்று நீங்கள் நினைத்த நொதித்தல் மறுபடி தொடங்கும். இங்கிலாந்தில் பிரவுண், மொரிஸ் என்ற இருவர் 1893இலேயே இதைப் பற்றி எழுதிவிட்டார்கள். ஆனாலும் இன்றுவரை போத்தல்கள் வெடித்துக்கொண்டுதான் இருக்கின்றன! வாயு ஏறுவதற்காக நீங்கள் போத்தலில் போட்ட சீனியோடு இந்தச் சர்க்கரையும் சேர்ந்தால் பொங்காமல் என்ன செய்யும்?

ஆகவே அடுத்த முறை, நொதித்தல் அடங்கிவரும் கடைசிக் கட்டத்தில், ஈஸ்ட் இன்னும் கொஞ்சம் வேலை செய்துகொண்டிருக்கும்போதே ஹொப்ஸைப் போடுங்கள். மூடியைத் திறக்கும்போது உள்ளே போகும் ஒட்சிசனில் ஒரு பகுதியை அந்த ஈஸ்ட்டே எடுத்துக்கொள்ளும். கொதிக்கவைத்த மெல்லிய துணிப் பையில் தளர்வாகக் கட்டிப் போட்டால் எடுப்பது சுலபம். பையை எடுத்தபின் ஹைட்ரோமீட்டர் (பியரின் அடர்த்தியை அளக்கும் கருவி) மூன்று நாள் தொடர்ந்து ஒரே எண்ணைக் காட்டவேண்டும். அதுவரை போத்தலைத் தொடாதீர்கள். வெண்ணெய் மணம் வந்தாலும் காத்திருங்கள், ஈஸ்ட்டே அதைச் சரிசெய்துவிடும்.

வெப்பநிலையை 20 பாகைக்குக் கிட்டக் கொண்டுவந்தால் நல்லது. பழைய பிரிட்ஜ் ஒன்றும் வெப்பக் கட்டுப்படுத்தியும் இருந்தால் கவலையில்லை. இல்லாவிட்டால் வாளியைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கி, உறையவைத்த தண்ணீர்ப் போத்தல்களைக் காலையும் மாலையும் மாற்றுங்கள். ஈரத் துணி சுற்றும் வித்தை கச்சான் வீசும் மாதங்களில் நன்றாக வேலை செய்யும், மாரியில் காற்றே ஈரமாக இருப்பதால் பெரிதாகப் பலன் இராது.

ஹொப்ஸ் பழுதா என்றும் பார்த்துவிடுங்கள். நம் நாட்டில் விளையாத பொருள், வெயிலில் பல கைமாறித்தான் வந்துசேர்கிறது. பக்கெட்டைப் பிரித்ததும் பழைய சீஸ் மணம் அடித்தால் அதைப் போடவே வேண்டாம். நல்லதென்றால் காற்றுப் புகாமல் கட்டி பிரீசரில் வையுங்கள்.

போத்தலில் அடைக்கும்போது குழாயை அடிவரை இறக்கி, சலசலக்காமல் நிரப்புங்கள். காற்றுப் பட்டால் ஹொப்ஸ் மணம்தான் முதலில் போகும், அப்புறம் நிறமும் கறுக்கும். வாயு ஏறியதும் பிரிட்ஜுக்கு மாற்றி, சில கிழமைக்குள் குடித்து முடித்துவிடுங்கள்.