ராணுவ ஏலத்தில் வந்த ஜோங்காவை வீட்டில் வைத்துப் பராமரிக்க முடியுமா?

சென்னை மாதவரத்தில் ஒரு பழைய ஜோங்கா (ராணுவ ஜீப் போன்ற வண்டி) விற்பனைக்கு நிற்கிறது, அதை வாங்கி வீட்டு வாசலிலேயே சரிசெய்து, டீசல் இன்ஜினும் பவர் ஸ்டீயரிங்கும் மாட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வாங்கலாம், வீட்டில் வைத்தே பார்த்துக்கொள்ளலாம். டீசல் இன்ஜின் மட்டும் வேண்டாம்.

என்னுடைய ஜோங்கா திருவொற்றியூர் தேரடிக்குச் சற்றுத் தள்ளி ஒரு குறுகிய தெருவில் 11 ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கிறது என்று எழுதத்தான் ஆசை. நியாயமாகச் சொன்னால் பாதி நாள் நின்றுகொண்டிருக்கிறது. அந்த 11 ஆண்டுகளில் நான் செய்த வேலையில் பெரும்பங்கு, எனக்கு முன்னால் வைத்திருந்தவர் செய்த 'மேம்பாடுகளை' ஒவ்வொன்றாகக் கழற்றி எறிந்ததுதான்.

ஜோங்காவை அறியாதவர்களுக்கு: ஜப்பானின் நிசான் பேட்ரோலை ஒட்டி, ஜபல்பூர் வாகனத் தொழிற்சாலையில் நம் ராணுவத்துக்காகச் செய்யப்பட்ட வண்டி. ஜபல்பூர் ஆயுதத் தொழிற்சாலையின் ஆங்கிலப் பெயரில் உள்ள முதல் எழுத்துகளைக் கோத்தால் 'ஜோங்கா'. கிட்டத்தட்ட 4 லிட்டர் கொள்ளளவுள்ள ஆறு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின், முன்னும் பின்னும் பட்டை ஸ்பிரிங், நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். கணினி கிடையாது, சென்சார் கிடையாது. பனிமலையிலும் பாலைவனத்திலும் ஒரு சிப்பாய் ஸ்பானர் பையை வைத்துக்கொண்டு சரிசெய்ய வேண்டும் என்று நினைத்துச் செய்த வண்டி. அதனால்தான் என்னைப் போன்ற குமாஸ்தாவும் அதைத் தொட முடிகிறது.

டீசலுக்கு வருகிறேன். பெட்ரோல் லிட்டருக்கு 4 கிலோமீட்டர் கொடுத்தால் அன்று எங்கள் வீட்டில் நல்ல நாள். எனவே டீசல் ஆசை எல்லோருக்கும் வரும். எனக்கு முந்தியவருக்கும் வந்தது. சுமை வேனிலிருந்து எடுத்த டீசல் இன்ஜினை உட்கார வைக்க, சேசிஸின் (வண்டியைத் தாங்கும் அடிச்சட்டம்) குறுக்குச் சட்டத்தை வெட்டி, வேறொரு இரும்பை வெல்டிங் வைத்திருந்தார். கனமான இன்ஜின் அதிர அதிர அந்த வெல்டிங்கின் ஓரத்தில் மயிரிழை போல விரிசல் விட்டிருந்தது. அதைவிட ஆபத்தானது பிரேக். கால் வலிக்கிறது என்று, பிரேக் மிதிக்குக் கூடுதல் விசை தரும் ஒரு வேக்கம் பூஸ்டரையும் மாட்டியிருந்தார். பெட்ரோல் இன்ஜினில் திராட்டில் (காற்று வரும் வழியை அடைக்கும் தகடு) மூடும்போது உள்ளிழுக்கும் குழாயில் வெற்றிடம் உண்டாகும்; பூஸ்டர் அதைக் கொண்டுதான் வேலை செய்கிறது. பழைய டீசல் இன்ஜினில் அந்தத் திராட்டிலே இல்லை. அதற்கென்று வேக்கம் பம்பு வேண்டும். பெரும்பாலும் ஆல்டர்னேட்டரின் (மின்சாரம் உண்டாக்கும் கருவி) பின்னால் சேர்ந்தே வரும். அவர் மாட்டியிருந்த ஆல்டர்னேட்டர் பம்பு இல்லாத வகை. ஆக, பூஸ்டர் அலங்காரத்துக்கு இருந்தது. எண்ணூர் விரைவுச் சாலையில் ஒரு கன்டெய்னர் லாரிக்குப் பின்னால் நிறுத்தியபோதுதான் எனக்கு அது விளங்கியது. லாரியின் பின்பக்கம் எழுதியிருந்த ஒவ்வொரு எழுத்தும் இன்றும் மனப்பாடம்.

இது போக, டீசல் இன்ஜினின் சுழற்சி வேகம் குறைவு, ஆக்சிலின் பல்சக்கர விகிதமோ பெட்ரோலுக்காக அமைந்தது. மணிக்கு 50-ஐத் தாண்டினாலே இன்ஜின் கதறும். இவ்வளவுக்கும் ஆர்.சி. புத்தகத்தில் எரிபொருள் 'பெட்ரோல்' என்றுதான் இருந்தது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதியாகச் சொல்லிவிட்டது. இன்ஜின் மாற்ற வேண்டுமானால் முதலில் ஆர்.டி.ஓ. அனுமதி, பிறகுதான் ஸ்பானர். விபத்து நடந்த பிறகு காப்பீட்டு நிறுவனம் முதலில் பார்க்கப்போவது இதைத்தான். நான் பழைய உதிரிபாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் அலைந்து அதே வகைப் பெட்ரோல் இன்ஜினைத் தேடிப் பிடிக்க இரண்டு ஆண்டுகள் ஆயின. அந்தக் காலம் முழுவதும் வண்டி மரக்கட்டைகள் மேல் நின்றது. அதன் கீழே தெருப்பூனை மூன்று முறை குட்டி போட்டது.

காகிதத்தைப் பற்றி இதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ராணுவ வண்டிகள் 'உள்ளது உள்ளபடி' ஏலத்தில் போகின்றன. ராணுவத்தில் இருந்தவரை அம்புக்குறி போட்ட எண். வெளியே வந்ததும் மற்ற வண்டிகளைப் போலப் புதிதாகப் பதிவு செய்ய வேண்டும். அதற்கு ராணுவ அதிகாரி கையெழுத்திட்ட விற்பனைச் சான்று, அதாவது படிவம் 21, தேவை. மாதவரத்துக்காரர் ஆர்.சி. மட்டும் காட்டினால் போதாது. சேசிஸ் எண்ணையும் இன்ஜின் எண்ணையும் துணியால் துடைத்து, கண்ணால் பார்த்து, புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். ராணுவத்தில் இருக்கும்போதே இன்ஜின் மாறியிருக்கக்கூடும். நான் ஒப்பிடாமல் வாங்கிவிட்டு ஓர் அலுவலகத்தின் மாடிப்படியை எத்தனை முறை ஏறினேன் என்று கணக்கில்லை.

நிறம்: ராணுவப் பச்சை கூடாது. மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989, விதி 121-இன்படி அந்தப் பச்சை பாதுகாப்புத் துறை வண்டிகளுக்கு மட்டும் உரியது. 'அந்த நிறத்துக்காகத்தானே வாங்குகிறேன்' என்று நீங்கள் நினைப்பது புரிகிறது. நானும் அப்படித்தான் நினைத்தேன். இப்போது என் வண்டி ஈரச் சிமெண்டு நிறம்.

இனி நம் ஊருக்கே உரிய பகைவன், உப்புக்காற்று. கோயம்புத்தூரிலோ ஓசூரிலோ ஜோங்கா வைத்திருப்பவர்கள் தரும் யோசனை நமக்கு அரைகுறையாகத்தான் உதவும். கடல் எங்கள் தெருவிலிருந்து கூப்பிடு தூரம். பெட்டி போல மூடிய சேசிஸ் பகுதிகளுக்குள் ஈரமும் உப்பும் புகுந்தால் வெளியே பெயிண்ட் பளபளக்கும், உள்ளே இரும்பு அப்பளமாகும். வாரம் ஒரு முறை அடிப்பகுதியைக் கழுவுங்கள். ஆனால் எந்தத் தண்ணீரில்? முதல் இரண்டு ஆண்டு நான் ஆழ்குழாய்த் தண்ணீரில் கழுவினேன். எங்கள் பக்கத்து நிலத்தடி நீரே உப்பு. கழுவக் கழுவத் துரு கூடியது. இப்போது மழைநீர்த் தொட்டித் தண்ணீர், அது தீர்ந்தால் மெட்ரோ தண்ணீர். (குடிக்கிற தண்ணீரை வண்டிக்கு ஊற்றுவதா என்று வீட்டில் நடக்கும் வாக்குவாதத்துக்கு என்னிடம் தீர்வு இல்லை.)

காசிமேட்டில் விசைப்படகைக் கரையேற்றி வேலை செய்வதைப் பார்த்திருப்பீர்கள். சுரண்டுவார்கள், நன்றாகக் காயவிடுவார்கள், பிறகுதான் பூச்சு. நம் ஆட்கள் துருவின் மேலேயே தார்ப்பூச்சை அடித்துவிடுகிறார்கள். அது துருவைப் போர்வை போட்டுத் தூங்க வைப்பதற்குச் சமம். வெள்ளை இரும்பு தெரியும்வரை கம்பி பிரஷ், அதன் மேல் ரெட் ஆக்சைடு இரண்டு கோட், பிறகு பெயிண்ட். சேசிஸின் அடியில் உள்ள வடிகால் துளைகளைச் சைக்கிள் கம்பியால் குத்தித் திறந்து வையுங்கள். பழைய இன்ஜின் ஆயிலை டீசலில் கலந்து அடிப்பது வழக்கம்தான். இரும்புக்கு நல்லது, ரப்பர் புஷ்களுக்கும் தெருவுக்கும் கேடு. நான் விட்டுவிட்டேன்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது, வெள்ளத்தில் எண்ணெய்ப் படலம் கலந்து எர்ணாவூர் பக்கம் சுவர்களில் கறுப்புக் கோடு போட்டது நினைவிருக்கும். அந்த வாரம் தெருவில் ஓடிய ஒரே வண்டி என்னுடையது. பால், ரொட்டி, ஒரு கர்ப்பிணிப் பெண், இரண்டு ஆடுகள். பெருமையாகத்தான் இருந்தது. பத்து நாள் கழித்துப் பின் ஆக்சிலின் ஆயில் போல்ட்டைத் திறந்தால் பால் கலந்த தேநீர் போல ஒழுகியது. ஓடிச் சூடான ஆக்சில் குளிர்ந்த வெள்ளத்தில் இறங்கும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, மூச்சுக்குழாய் (ஆக்சிலுக்குள் காற்று போய்வரும் வழி) வழியாகவும் தேய்ந்த ஆயில் சீல் வழியாகவும் தண்ணீரை உறிஞ்சிக்கொள்கிறது. அப்படியே விட்டிருந்தால் கிரவுன் பினியன் (ஆக்சிலுக்குள் உள்ள பல்சக்கரங்கள்) போயிருக்கும். இரண்டு முறை ஆயிலை வடித்துப் புதிதாக ஊற்றினேன். பிறகு அந்த மூச்சுக்குழாயில் ஒரு ரப்பர் குழாயைச் செருகி, பானெட் உயரத்துக்குக் கொண்டுபோய்க் கட்டினேன். நான் செய்த மாற்றங்களில் செலவே இல்லாதது அதுதான். உங்கள் வண்டியில் முதல் வேலையாக இதைச் செய்யுங்கள்.

பெட்ரோலில் இப்போது 20 சதவீதம் எத்தனால். பழைய ரப்பர் குழாய்களையும் பெட்ரோல் பம்பின் டயஃப்ரத்தையும் (உள்ளே இருக்கும் சவ்வு) அது ஊறவைத்துக் கெடுக்கிறது. அத்துடன் காற்றின் ஈரத்தையும் இழுத்துக்கொள்வதால், வாரக்கணக்கில் நிற்கும் வண்டியின் டேங்க் அடியில் தண்ணீர் தங்கித் துருவாகிறது. எத்தனால் தாங்கும் குழாய்களைக் கேட்டு வாங்குங்கள். பழைய குழாயை அப்படியே விட்டால் சூடான சைலன்ஸரின் மேல் பெட்ரோல் சொட்டும்; அதன் பிறகு இந்தப் பதில் தேவைப்படாது.

பவர் ஸ்டீயரிங் பற்றி அவசரப்படாதீர்கள். என் வண்டியில் ஸ்டீயரிங் கல்லாக இருந்ததற்குக் காரணம் கிங் பின்னில் (முன்சக்கரம் திரும்பும் அச்சு) காய்ந்துபோன கிரீஸும் டயரில் குறைந்த காற்றும். எதிர்வீட்டுப் பெரியவர் எண்ணூர் அசோக் லேலண்டில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். "தம்பி, கிரீஸ் அடிக்கச் சோம்பல்பட்டு ஸ்டீயரிங்கை மாற்றுகிறாயா?" என்று கேட்டார். அடித்தேன். இன்றுவரை பவர் ஸ்டீயரிங் தேவைப்படவில்லை. நம் பக்கத்தில் இப்படிப்பட்ட கைகள் நிறைய உண்டு. 1948-இல் தொடங்கிய அந்த லாரி நிறுவனமும், ராணுவத்துக்கு புல்லட் வேண்டும் என்பதற்காக 1955-இல் தொடங்கித் திருவொற்றியூரில் தொழிற்சாலை வைத்த என்ஃபீல்டும் வளர்த்த தலைமுறை அது. பிரேக் டிரம் கடைசலுக்கும் புஷ் செய்வதற்கும் அவர்களைத் தேடிப் போங்கள்.

மூன்று எச்சரிக்கைகள். ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் அடியில் படுக்காதீர்கள். ஆக்சிலுக்குக் கீழே கனமான மரக்கட்டை. சில ராணுவ வண்டிகளின் வீல் இரண்டு துண்டாக போல்ட் போட்டது. காற்றை முழுவதும் இறக்காமல் அந்த நட்டைத் தொட்டால் வீல் துண்டு பீரங்கிக் குண்டாகப் பாயும். தெருமுனை பஞ்சர் கடைத் தம்பிக்கு இது தெரிந்திருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள், நீங்களே சொல்லுங்கள். நான்கு சக்கர இயக்கத்தை உலர்ந்த தார்ச்சாலையில் போடவும் வேண்டாம். முன்னும் பின்னும் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு பல்சக்கரம் உடையும்.

மாதவரம் வண்டிக்கு இன்னும் முன்பணம் கொடுக்காமல் இருந்தால், பேட்டரித் தட்டின் அடியையும் பின்பக்கப் பட்டை ஸ்பிரிங் தொங்கும் இடத்தையும் படம் எடுத்து இங்கே போடுங்கள். அல்லது ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு என்றால் நானே வருகிறேன். சின்னச் சுத்தியல் ஒன்றும் டார்ச் ஒன்றும் கொண்டுவருவேன். சேசிஸைத் தட்டிப் பார்க்க விற்பவர் சம்மதிப்பாரா என்று மட்டும் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.